மூன்று புட்டி பால்

1979 கோடை விடுமுறை. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து அப்பாவின் டீக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பால்காரர் கேனை இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். கூடவே தோல்பையோடு ஓர் ஆள்.

வழக்கமாக வரும் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சாக்கடை, ஈ, லைசென்ஸ் என்று பார்த்துவிட்டு ஒரு டீயோடு போய்விடுவார். இது அப்படியில்லை. கலப்படம் நிரூபணமானால் 6 மாதம் உள்ளே என்பதுதான் கடைத்தெருவில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

"டீக்கு வச்ச பால் சார், விக்கிறதுக்கில்ல" என்றார் அப்பா.

"டீயைச் சும்மாவா குடுக்கீரு?"

கேனைக் கலக்கச் சொல்லி 660 மில்லி எடுத்தார். விலையைக் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். மூன்று புட்டிகளில் சமமாக ஊற்றி, கெட்டுப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் 18 சொட்டு ஃபார்மலின். அவர் உதடசைத்து எண்ண எண்ண நானும் எண்ணினேன். பிறகு காகித உறை, நூல் கட்டு, மெழுகுவத்தியில் உருக்கிய அரக்கு. கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழவேண்டுமாம். மூன்றாவதில் அப்பாவின் கை நடுங்கிப் பெயர் கோணிக்கொண்டது. சாட்சிக்கு ஆள் கேட்டதும், பெஞ்சில் பேப்பர் படித்தவர்களுக்கெல்லாம் திடீரென்று பஸ் வந்துவிட்டது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர்தான் வந்து கையெழுத்துப் போட்டார்.

ஒரு புட்டி பகுப்பாய்வுக்கு, மற்ற இரண்டும் சுகாதார அதிகாரியிடம். ரிப்போர்ட் பாதகமாக வந்து கேஸ் போட்டால், அந்த இரண்டில் ஒன்றை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கோர்ட்டில் கேட்கலாம், 10 நாளுக்குள். டீ குடிக்க வரும் வக்கீல் குமாஸ்தா சொன்னது இது. "பால்காரர்கிட்ட பில் இருந்தா அதைக் காட்டியும் தப்பிக்கலாம்" என்றார். கேன் பாலுக்கு யார் பில் போட்டார்கள்!

அன்று ராத்திரிதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. இன்ஸ்பெக்டர் இருந்தவரை டீ மாஸ்டர் அடுப்பை மறைத்தே நின்றிருந்தார். குண்டானில் கொதித்த பாலில் காலையிலேயே இரண்டு சொம்பு தண்ணீர் விட்டாயிற்று. அதில் எடுத்திருந்தால்?

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அப்பா எழுந்து நிற்பார். மூன்று மாதம் போயும் ஓலை எதுவும் வரவில்லை. ஆபீஸில் விசாரித்ததில் பால் தேறிவிட்டது என்றார்கள். அத்தனை நாளும் அப்பா முறைத்துக்கொண்டிருந்த பால்காரரிடம் சொன்னோம்.

"எங்க ஊர்ல குடிக்கவே தண்ணியில்ல அண்ணாச்சி, பால்ல ஊத்த எங்க போக?"

மாஸ்டர் கரி அள்ளப் பின்பக்கம் போய்விட்டார்.