லாரியட்டா, கிங் ராஞ்சா, பிளாட்டினமா?

ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டூட்டி பிக்கப் டிரக்கில் இந்த மூன்று உயர் ரகங்களில் ஒன்றை எடுக்க நினைப்பவர்கள், சீட்டைத் தடவிப் பார்க்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அந்த வண்டிக்கே உரிய கணக்கு அதில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் எண்ணை நம்பாதீர்கள்.

6.7 லிட்டர் டீசல் இன்ஜின் மூன்று ரகங்களிலும் கிடைக்கும். ஆனால் பனோரமிக் ரூஃப் (பெரிய கண்ணாடிக் கூரை), மோட்டாரில் இறங்கும் படி என்று வசதி ஏற ஏற வண்டியின் சொந்த எடையும் ஏறும். மொத்த எடை வரம்பு அப்படியே நிற்பதால் அடிபடுவது சுமை ஏற்றும் திறன்தான்.

டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த்-வீல் டிரெய்லர், சாமானோடு 12,000 பவுண்டு வருவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 20%, அதாவது 2,400 பவுண்டு, டிரக்கின் மேலேயே உட்காரும். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 200, நாலு பேர் 600. ஆக 3,200! எல்லா வசதியும் ஏற்றிய டீசல் எஃப்-250 பிளாட்டினத்துக்கு இது பெரும்பாலும் அதிகம். இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. அதே கேபின் அதிகம் சுமக்கும் எஃப்-350இலும் வருகிறது, அதை எடுங்கள்.

சின்ன டிரெய்லர்தான் என்றால் கிங் ராஞ்ச் தாராளமாக எடுக்கலாம், அந்தத் தோல் சீட்டின் அழகே தனி. லெதர் கண்டிஷனர் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெக்சஸ் வெயிலில் நிற்கும் வண்டி என்றால் தோல் வறண்டு வெடித்துவிடும்.