ஓரியூர் செம்மண்

அம்மாவின் நேர்ச்சை ஒருவழியாக நிறைவேறிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில், புனித அருளானந்தர் கோயிலில் என் மகனுக்கு முதல் முடி இறக்கினோம். ஆண்டவருக்குத் தோத்திரம்!

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவனைத் தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. எனக்குச் செபமே வரவில்லை, அழத்தான் வந்தது. அம்மாதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வீட்டில் சொல்வதுபோலவே ஏழு மணி ஆனதும் செபமாலையை எடுத்துவிடுவார். ஒருநாள் முடித்துவிட்டு, "அருளானந்தரே, பிள்ளையத் தாரும், உம்ம வாசல்ல வந்து முதல் முடி இறக்குறோம்" என்றார். அப்புறம் எழுந்து போய் எனக்குக் கஞ்சி வாங்கி வந்தார். நேர்ந்தபின் அவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

புதன்கிழமையாகப் பார்த்துப் புறப்பட்டோம். அருளானந்தர் விசுவாசத்துக்காக ஓரியூரில் தலை கொடுத்தது 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அல்லவா! திருவாடானை வரைக்கும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கைப்பிள்ளைக்காரி நிற்கிறாளே என்று ஒருவர் எழுந்திருக்க வேண்டுமே! அம்மாவுக்கு முட்டிவலி வேறு. இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். நேர்ச்சைக்குப் போகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். மனசு சங்கடப்பட்டது. "விடு தாயி, அவரு நடந்தே வந்தாரு" என்று அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உண்மைதானே. அருளானந்தர் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் சாகக் கிடந்தபோது அவருடைய தாயார் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்ததும் ஒரு வருஷம் சேசுசபைத் துறவிகளின் அங்கியைப் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் காவியுடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமையெல்லாம் வேதம் போதித்து நடந்தார். பிடித்து அடித்து, ஊருக்கு அனுப்பிய பிறகும் திரும்பி வந்தார். ஒரு தாயின் நேர்ச்சை ஓரியூர் வரைக்கும் வந்திருக்கிறது. அன்று முழுக்க எனக்கு இதே நினைப்பு.

மொட்டை போடும்போது பையன் ஊரைக் கூட்டினான். சந்தனம் தடவியதும் அடங்கினான். திருப்பலி முடிந்து அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்துக்குப் போனோம். அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்லும் மண் அப்படியே சிவந்து கிடக்கிறது. முட்டி மடங்காத அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்துப் பையன் நெற்றியில் சிலுவை போட்டார். சந்தனத்தின் ஈரத்தில் மண் ஒட்டிக்கொண்டது. அவன் அம்மாவின் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான். பெட்டிக்குள் குழாயோடு கிடந்த அதே கை. இயேசுவே, அந்தப் பிடியில் எவ்வளவு பலம்!

ஏதேதோ கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், ஒன்றும் கேட்கவில்லை. சாவுக்கு முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் பயமே இல்லை, சந்தோஷம்தான் இருக்கிறது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன். சாகப்போகிறவருக்கு எப்படி என்று அப்போது புரியவில்லை. வராந்தாவில் செபமாலை சொல்லிவிட்டுக் கஞ்சி வாங்கப் போன அம்மாவை நினைத்தால் கொஞ்சம் புரிகிறது. "நன்றி, நன்றி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி அவசரப்படுத்தியதுகூட உறைக்கவில்லை.

ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்து பீடத்தில் வைத்திருக்கிறோம். இப்போது ஏழு மணி செபத்துக்கு நானும் உட்கார்ந்துவிடுகிறேன். பையன் மணிகளை இழுத்து இழுத்து எந்த மணியில் நின்றோம் என்பதே மறந்துபோகிறது. அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அவன் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வருஷம் திரும்பவும் ஓரியூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இப்போதே நேர்ந்தும் வைத்துவிட்டார்.