ஹோலி அவென்யூ வரை ஒரு நடை

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்குக் குடிவந்து ஐந்து மாதமாகியும் அந்த ஊர் விலாசம் எனக்குப் பிடிபடவில்லை. 37-12, 45-57 என்று நடுவில் கோடு போட்ட கதவு எண்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான். பார்த்து எழுதுவேனே தவிர, ஏன் அப்படி என்று யாரையும் கேட்டதில்லை. வீடு, ரயில், வேலை: எனக்குத் தெரிந்த நியூயார்க் அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்தார்கள். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் எல்லாம் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டன. “இதெல்லாம் படத்தில் பார்த்ததுதானே. நீ குடியிருக்கிற ஊரைக் காட்டு” என்றார் அப்பா. என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

உடன் வேலை செய்யும் பெண் ஒருத்திதான் பிக் ஆப்பிள் கிரீட்டர் பற்றிச் சொன்னாள். ‘நியூயார்க்கா, ஆபத்தான ஊர்’ என்று வெளியூர்க்காரர்கள் பயந்த காலத்தில், 1992இல் லின் புரூக்ஸ் என்ற பெண்மணி தொடங்கியது. உள்ளூர்க்காரர்களே தங்கள் பேட்டையை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது, அன்பளிப்பாகக் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். சில வாரங்களுக்கு முன்பே எழுதிப் போட வேண்டும். “காசு வாங்காமல் யார் நமக்காக நடப்பார்கள்?” என்று அப்பா சந்தேகப்பட்டார். எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

இருந்தாலும் எழுதிப் போட்டேன். ஜாக்சன் ஹைட்ஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார் ஊர் காட்ட வந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். 74ஆவது தெருவில் ஒரு புடவைக் கடை வாசலில் நிறுத்திக் கதவு எண்ணைக் காட்டினார். “கோட்டுக்கு முன்னால் இருப்பது குறுக்குச் சாலை. 37 என்றால் 37ஆவது அவென்யூ முனையிலிருந்து எண்ணுங்கள். பின்னால் இருப்பதுதான் கட்டடத்தின் எண்.” ஐந்து மாதமாக என் வீட்டுக் கதவிலேயே வழி எழுதியிருந்திருக்கிறது!

பிறகு 7ஆம் எண் ரயில். வட்டத்துக்குள் 7 என்றால் எல்லா நிலையத்திலும் நிற்கும், சாய்சதுரத்துக்குள் என்றால் விரைவு வண்டி. அதுவரை வந்த வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவள் நான்.

கடைசி நிலையமான ஃபிளஷிங்கில் இறங்கி பவுன் தெருவில் நடந்தோம். 45-57 பவுன் தெரு என்பது 1977இல் எழுந்த பிள்ளையார் கோயிலின் விலாசம். வழியில் குறுக்கிடும் சாலைகளுக்கு ஆஷ், பீச், செர்ரி என்று தொடங்கி, கோயில் வரும் ஹோலி அவென்யூ வரை மரம் செடிகளின் பெயர்கள், அதுவும் ஆங்கில அகர வரிசையில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரிய நாற்றுப்பண்ணைகள் இருந்தனவாம். அப்பா ஒவ்வொரு பலகையாக நின்று படித்தார்.

கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை சாப்பிட்டோம். மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும் என்று அம்மாவிடம் அவர் கேட்டார். அம்மா மதுரை வெயிலுக்கு ஒரு கணக்கும் இங்கத்திய குளிருக்கு ஒரு கணக்கும் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார். அவருடைய தோசைக்கு அப்பா பணம் நீட்டியபோது மறுத்துவிட்டுத் தானே கொடுத்தார்.

இப்படி ஒருவரை அழைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நேரத்துக்குப் போய்விடுங்கள். அவர் தருவது தன் சொந்தப் பொழுது. நான்கு இடத்தை ஒரே நாளில் காட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒரு தெருவை அவர் போக்கில் நடந்தாலே போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பியிருக்கிறார். “வட்டம் போட்ட வண்டியில்தான் வந்தோம். ஆஷ் தாண்டிவிட்டோம். இதோ, பீச் வருகிறது” என்றார்.