ஒரு குளுக்கோஸ் படுத்திய பாடு

இன்வொய்ஸில் இருந்த ‘யூடிபி-குளுக்கோஸ்’ என்ற ஒரு சொல்லுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரண்டு தடவை இரவு பஸ் ஏறினேன். இன்னும் வயிறு எரிகிறது.

காய்ந்த வெங்காயத் தோலில் இருக்கிற குவெர்செட்டின் என்ற மஞ்சள் பொருள் தண்ணீரில் லேசில் கரையாது, அதன்மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டிவிட்டால் கரையும். ஒட்டுவது கிளைக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ் நொதி (சீனித்துளசியின் இனிப்பான ஸ்டீவியோசைடில் நாலாவது குளுக்கோஸை ஏற்றி, கசப்புக் குறைந்த ரெபோடியோசைட் ஏ ஆக்குவதும் இதே குடும்பம்தான்). அதற்குச் சும்மா குளுக்கோஸ் போதாது, யூடிபி என்ற சிறு மூலக்கூறோடு சேர்ந்த குளுக்கோஸ் வேண்டும். நொதி, யூடிபி-குளுக்கோஸ் இரண்டுக்கும் ஓடர், காசு கட்டுவது எல்லாம் ஒரு கிழமையில் முடிந்தது.

பார்சல் வந்து இறங்கியது வியாழன். வெள்ளி போயா விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள் காலை கொழும்புச் சுங்கக் கவுண்டரில், “குளுக்கோஸ் எண்டால் சாப்பாட்டுச் சாமான்தானே தம்பி, பெர்மிட் எங்க?” என்றார் ஒரு ஐயா. உள்ளே இருக்கிற யூடிபி-குளுக்கோஸ் ஐம்பது மில்லிகிராம், ஒரு தேத்தண்ணிக்கும் காணாது என்றேன், அவர் சிரிக்கவில்லை. உணவு இல்லை என்று துறைத் தலைவர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டுமாம், அதுவும் மூலப்பிரதி, போனில் காட்டினால் செல்லாது. ஊருக்கு வந்து கடிதம் வாங்கி, புதன்கிழமை திரும்பப் போய்ப் பெட்டியை எடுத்தேன். குளிருக்குப் போட்ட ட்ரை ஐஸ் தண்ணீராகாமல் நேரே வாயுவாகப் போய்விடும் என்பதால் பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை, குளிரும் இல்லை. யூடிபி-குளுக்கோஸ் காய்ந்த தூள், தப்பிவிட்டது. கூட வந்த நொதி சூட்டில் செத்துப்போனது.

போயா வரும் கிழமையில் பார்சலை வரவிடாதீர்கள். ‘ஆய்வுக்கு மட்டும், உணவல்ல’ என்று இன்வொய்ஸிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் அந்த நொதியின் மரபணு இருந்த பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) எங்கள் ஃபிரீசரிலேயே கிடந்தது, சோம்பலில்தான் நொதியை விலைக்கு வாங்கப் போனேன். அதை ஈ.கோலை பக்டீரியாவில் போட்டு, 18 பாகையில் இரவு முழுக்க வைத்து (37இல் விட்டபோது நொதி எல்லாம் திரண்டு அடியில் படிந்துவிட்டது) நாங்களே எடுத்தோம். யூடிபி-குளுக்கோஸை மிச்சம் பிடிக்க சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதியையும் சேர்த்தோம், வேலை முடிந்து கழன்ற யூடிபியில் அது சீனியில் இருந்து குளுக்கோஸை எடுத்துத் திரும்ப ஏற்றிவிடும். கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் குவெர்செட்டினுக்குக் கீழே புதிதாக ஒரு பொட்டு விழுந்தது, குளுக்கோஸ் ஒட்டியதற்கு அடையாளம். சீனி சங்கக்கடையில் வாங்கியதுதான், அங்கே ஒருவரும் பெர்மிட் கேட்கவில்லை.