சீனியாரிட்டி வழக்கும் தபால் முத்திரையும்

பதவி உயர்வோ சீனியாரிட்டியோ தண்டனையோ, புதுச்சேரி அரசு ஊழியர் பணிப் பிரச்சினைக்கு முதலில் ஐகோர்ட்டுக்குப் போக முடியாது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குத்தான் போகணும். அதற்கு மேல்தான் ஐகோர்ட். 1997இல் சந்திரகுமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அப்படி. கடலூரில் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் மச்சான் இதை நம்பவே இல்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கும் 1988 முதல் தனித் தீர்ப்பாயம் இருந்தது. அதை மூடிய பிறகு நேராக ஐகோர்ட்டில் ரிட் மனு போடுகிறார்கள். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் கோர்ட்டே மாறிவிடுகிறது!

நான் புதுச்சேரி அரசு ஊழியர். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சீனியாரிட்டி பட்டியலில் எனக்கு மேலே இருந்தார்கள். ஆட்சேபணை மனு கொடுத்தேன், பதிலே இல்லை. அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் சொன்ன யோசனை, "இன்னொரு ரிமைண்டர் போடு, பாத்துக்கலாம்." இதைக் கேட்டால் போச்சு. வக்கீல் என் நியாயத்தைக் கேட்கும் முன்பே, தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகலைக் கேட்டார். ஊதா மை மங்கிய தேதியை ஜன்னல் பக்கம் பிடித்துப் படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். 1985ஆம் வருட நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டப்படி, பதில் வராவிட்டால் மனு கொடுத்த நாளிலிருந்து 6 மாதம் பொறுக்கணும். அது முடிந்ததிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குப் போடணும். ரிமைண்டர் எத்தனை போட்டாலும் இந்தக் கெடு நீளாது. தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு.

கட்டணம் வெறும் 50 ரூபாய். வக்கீல் வைக்காமல் நாமே வாதாடவும் சட்டத்தில் இடம் உண்டு. எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்புறம், பட்டியலில் எனக்கு மேலே இருப்பவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கணும் என்றார் வக்கீல். தினமும் சேர்ந்து டீ குடிக்கிறவருக்கு என் பெயரில் நோட்டீஸ். ஒரு வாரம் அவர் முகம் கொடுத்தே பேசவில்லை. துறையோடு சண்டை போடுவதைவிட இதுதான் கஷ்டம்.

நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாகத்துறை உறுப்பினர் ஒருவரும் விசாரித்தார்கள். அரசுத் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. கடைசியில் வந்த உத்தரவு, 'மனுவைப் பரிசீலித்து, காரணம் காட்டி, கெடுவுக்குள் ஆணை போடுங்கள்' என்பதுதான். "இது ஜெயிச்சதா, தோத்ததா?" என்றார் மச்சான். ரெண்டும் இல்லை. ஆனால் கெடு தாண்டினால் அவமதிப்பு வழக்குப் போடலாம் என்பது துறைக்கும் தெரியும். அதுவரை தூங்கிய கோப்பு நகர்ந்தது, பட்டியலும் திருந்தியது. பதவி உயர்வுக் கமிட்டி மட்டும் இன்னும் கூடவில்லை.