கோப்பின் கடைசித் துண்டு

வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் என்க்ரிப்ட் செய்து (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி) அண்ணன் வீட்டு டிஸ்க்கில் ஒரு பிரதி வைக்கிறேன். அதற்கான சிறு நிரலை சி மொழியில் நானே எழுதிக்கொண்டேன். எந்த சைஃபர் (மறைக்கும் முறை) என்று முடிவு செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. கோப்பைப் படிப்பதும் எழுதுவதும்தான் வேலை வாங்கியது. ஒரு கிரிப்டோகிராஃபி லைப்ரரி கையில் கிடைத்தால் இப்போது முதலில் அந்தப் பகுதியைத்தான் திறந்து பார்க்கிறேன்.

ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற சைஃபர் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மறைத்த தரவுடன், அது மாறவில்லை என்று சரிபார்க்க 16 பைட் டேக் ஒன்றையும் தரும். யாராவது ஒரு பிட்டை மாற்றியிருந்தாலும் டேக் பொருந்தாது. ஆனால் அது முழுத் தரவுக்கும் சேர்த்து ஒரே டேக்; கடைசி பைட் வரை படித்தால்தான் சரிபார்க்க முடியும். 30 ஜிபி வீடியோவை மெமரியில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா? ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில், டிக்ரிப்ட் செய்யும் (மறைத்ததைத் திறக்கும்) அப்டேட் ஃபங்ஷனை அழைக்க அழைக்க மூலத் தரவு வந்துகொண்டே இருக்கும். அது நம்பத்தக்கதா என்பதைக் கடைசியில் அழைக்கும் ஃபைனல் ஃபங்ஷன்தான் சொல்லும். அதற்குள் பைப் வழியாக அந்தத் தரவை வாங்கும் டார் என்ற கோப்புத் தொகுப்பு நிரல், சரிபார்க்காத தரவைப் பிரித்து டிஸ்க்கில் போட்டிருக்கும்.

ஓபன்எஸ்எஸ்எல்லின் 'என்க்' கட்டளை ஜிசிஎம்மை ஏற்காததற்குக் காரணமே இதுதான். அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. என்ன, அதில் மிஞ்சும் சிபிசி, சிடிஆர் முறைகளில் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழியே கிடையாது. ஆகவே கோப்புகளுக்கு அந்தக் கட்டளையை நான் தொடுவதில்லை.

இது ஏட்டுப் பயமும் இல்லை. என்க்ரிப்ட் செய்த மெயில்களைக் குறிவைத்து 2018 மே மாதம் வெளிவந்த ஈஃபெயில் தாக்குதலில் இதே ஓட்டைதான் வழிவிட்டது. ஜிபிஜி என்ற என்க்ரிப்ஷன் நிரல் உரையை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, தரவு மாற்றப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையைப் பிறகு தந்தது. சில மெயில் செயலிகள் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் உரையைக் காட்டின.

சரி, வழி என்ன? கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி டேக் போடுவது. லிப்சோடியம் லைப்ரரியின் சீக்ரெட்ஸ்ட்ரீம் பகுதி இதைச் செய்கிறது. தொடக்கத்தில் 24 பைட் தலைப்பு, அப்புறம் துண்டுக்கு 17 பைட் கூடுதல். 65,536 பைட் உள்ளே போனால் 65,553 வெளியே வரும். துண்டுகளை இடம் மாற்றினாலும், நடுவில் ஒன்றை உருவினாலும் அடுத்த துண்டு திறக்காது. வாலை வெட்டினால்? மீதித் துண்டுகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். அதனால்தான் கடைசித் துண்டுக்கு மட்டும் ஃபைனல் என்ற அடையாளம் உண்டு. ஏஜ் என்ற என்க்ரிப்ஷன் கருவியும் 64 கேபி துண்டுகளில், நான்ஸின் (துண்டுக்குத் துண்டு மாறும் எண்) கடைசி பைட்டில் இதே அடையாளத்தை வைக்கிறது.

லைப்ரரி கொடுத்தாலும் அந்த அடையாளத்தைச் சரியான துண்டில் போடுவது நம் பொறுப்பு. கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் பூஜ்யம் தரும்வரை படி, முழுதாக நிரம்பாத துண்டு வந்தால் அதுதான் கடைசி என்று எழுதினால் பார்க்க நியாயமாக இருக்கும். கோப்பின் அளவு 65,536-இன் சரியான மடங்காக இருக்கும்போது மட்டும் நிரம்பாத துண்டு வராது. ஃபைனலும் எழுதப்படாது. வெற்றுக் கோப்புக்கும் இதே கதிதான். லிப்சோடியம் ஆவணத்தின் மாதிரி நிரலில் ஒவ்வொரு முறை படித்த பிறகும், கோப்பு முடிந்ததா என்று எஃப்இஓஎஃப்பிடம் கேட்டு, தேவைப்பட்டால் காலித் துண்டு ஒன்றை ஃபைனலோடு எழுதுகிறார்கள். 17 பைட் செலவு, நிம்மதி.

விண்டோஸில் கோப்பை பைனரி முறையில் திறக்க மறக்காதீர்கள். டெக்ஸ்ட் முறையில் வரி முடிவு பைட் ஒவ்வொன்றும் இரண்டாகும். ஒரு டேக்கும் பொருந்தாது.

டிக்ரிப்ட் செய்யும்போது நான் அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில்தான் எழுதுகிறேன். ஃபைனல் வந்து, டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சின்க்கும் கோப்பை மூடும் எஃப்க்ளோஸும் பிழையில்லாமல் திரும்பினால் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுவேன். எஃப்க்ளோஸ் திருப்பித் தரும் மதிப்பைப் பலரும் பார்ப்பதில்லை. டிஸ்க் நிரம்பிய செய்தி சில சமயம் அங்கேதான் வரும்.

உங்களிடம் இப்படி ஒரு நிரல் இருந்தால், பெரிய கோப்பு ஒன்றை என்க்ரிப்ட் செய்து, சரியாக ஒரு துண்டின் எல்லையில் வெட்டிவிட்டுத் திறந்து, நிரல் பிழை என்று சொல்கிறதா என்று பாருங்கள். 64 கேபி துண்டு என்றால் சீக்ரெட்ஸ்ட்ரீமில் முதல் எல்லை 65,577-ஆவது பைட்டில் வரும்.