எம்பி எங்கே கை உயர்த்தினார் என்று பாருங்கள்
"சுற்றாடல் சட்டத்துக்கு என் முழு ஆதரவு" என்று நம்ம மட்டக்களப்பு எம்பி யாராவது பதிவு போட்டால் ஹன்சாட்டை (நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவேட்டை) திறந்து பாருங்கள். சட்டமூலம் பல நேரம் குரல் வாக்கில் போய்விடும். யாராவது எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால்தான் பெயர்கள் பதிவாகும். கேட்காவிட்டால் ஆதரித்தவரும் கன்டீனில் தேநீர் குடித்தவரும் ஒன்றுதான்.

உண்மையான வேலை சட்டமூலத்தின் இரண்டாம் மதிப்பீட்டுக்கு (பொது விவாதத்துக்கு) பிறகு, பிரிவு பிரிவாகப் பார்க்கும் குழுநிலையில். அங்கேதான் வாசகம் மாறும். வர்த்தமானிப் பட்டியலின்படி சோலார், காற்றாலை என்றால் பொதுவாக 50 மெகாவாட்டுக்கு மேல் போனால்தான் சுற்றாடல் மதிப்பீடு (திட்டத்தால் சூழலுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வது) வேண்டும். ஈரநிலம் நிரப்புவது 4 ஹெக்டேயருக்கு மேல். ஒரே திட்டத்தை 49, 49 மெகாவாட் என்று துண்டாக்கினால் என்ன நடக்கும் என்று எம்பியிடம் கேளுங்கள். கண்டல் ஓரத்தில் வாவிக்கரைக் காணி விற்கும் ஆட்களுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி.

முழுச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள். பத்திரிகை அறிவித்தல் தமிழிலும் வரும். வாகரையிலோ பொத்துவிலிலோ அதைக் கண்டவர் உடனே படம் எடுத்து மீனவர் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தப் பக்கம், எந்தத் தோணா (கடலோரச் சிறு நீரோடை), எந்த மாதம் வலை போடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.